கட்டைவிரல் சம்மதம்

சவாயி,
பிப்ரவரி 3, ஞாயிறு

அன்புத் தம்பி அலேசியோவுக்கு,

அக்கா மகலிதா எழுதுகிறேன். நானும் நம் அண்ணன் பிள்ளைகளும் சுகம். என் முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்பே செய்தி சொல்கிறது. பூசைக்குப் போய்வந்து, கல்லடுப்பில் வெந்த சேப்பங்கிழங்கும் மீனும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளை அண்ணன் மகள் திரேசா அலுவலக வேலையாகப் படகேறி ஆப்பியா போகிறாள். இதை அவள் அங்கே தபாலில் சேர்ப்பாள்.

வியாழக்கிழமை உன் மனைவி லூசியா போன் செய்தாள். பட்டம் சூட்டும் விழா ஜூலை மாதமாம். உங்கள் நான்கு பேருக்கும் விமான டிக்கெட் எடுத்தாயிற்றாம். சடங்கில் விரிக்கிற நுண்பாய்களை வெயிலில் காட்டி எடுத்து வைக்கும் வேலை எனக்காம். எந்தப் பட்டம் என்று கேட்டேன். "என்ன அண்ணி இப்படிக் கேக்குறீங்க? மாமாவோட பட்டந்தான்" என்றாள்.

நம் அப்பா தாங்கி, அவருக்குப் பின் அண்ணன் தாங்கிய குடும்பத் தலைவர் பட்டமும் பட்டப் பெயரும். அண்ணனை அடக்கம் செய்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை.

திரேசாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். குடும்பப் பக்கத்தைத் தன் போனில் திறந்து காட்டினாள். நீ இடுப்பில் கோடுபோட்ட துணியும் தோளில் சாமரமுமாகக் கார் கொட்டகை முன்னால் நிற்கிறாய். கீழே, "அப்பாவின் பட்டத்தை நான் சுமக்கக் குடும்பத்துக்குச் சம்மதமா?" என்று கேட்டிருக்கிறாய். அதன் கீழே நீல நிறத்தில் கட்டைவிரல்கள். ஆக்லாந்து, சிட்னி, ஹவாய், எங்கெல்லாமோ இருக்கிற நம் ஆட்களின் கட்டைவிரல்கள்.

குடும்பம் சம்மதித்துவிட்டது என்கிறாள் லூசியா. குடும்பம் எந்த வீட்டில் கூடியது? பாய் விரித்தவர் யார்? முதலில் பேசியவர் யார், மறுத்துப் பேசியவர் யார்? எனக்குத் தெரியாமல் ஒரு கூட்டம் நடந்திருந்தால் எழுது. நடக்கவில்லை என்றால், பாய்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை மறக்காதே.

அன்புடன்,
மகலிதா


லோகன், குவீன்ஸ்லாந்து,
பிப்ரவரி 19

மதிப்புக்குரிய என் அக்காவுக்கு,

தம்பி அலேசியோ வணங்கி எழுதுவது. உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்து மதரே எழுதிவிட்டாரோ என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கோபம் யாருக்குக் கட்டுக்குள் இல்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா, நம் குடும்பம் இன்று எந்த வீட்டில் இருக்கிறது? ஊரில் இருப்பது கைப்பிடி. மற்றவர்கள் ஐந்து நாடுகளில். எல்லாரையும் ஒரு பாயில் உட்காரவைக்க வேண்டுமானால் கப்பல் வாங்க வேண்டும். அதனால்தான் எல்லாரும் தினமும் வந்துபோகிற இடத்தில் கேட்டேன். ஒளிவுமறைவாகக் கேட்கவில்லை. பிடிக்காதவர்கள் எழுதியிருக்கலாமே. ஒருவர்கூட ஒரு சொல் எதிராக எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். முதல் கட்டைவிரல் லஃபாயேலேயுடையது. அண்ணனின் சொந்த மகன், ஊரில் இருக்கிறவன், அவனே முதலில் அழுத்தினான். அவனுக்கு அடுத்தது யார் தெரியுமா? மகலிதா. என் அக்கா. பெயரைப் பார்த்ததும் லூசியாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று இரண்டு பேருமாக அழுதோம்.

முப்பத்தோரு வருடம் இறைச்சிக் கிடங்கின் குளிரில் நின்றிருக்கிறேன். இங்கே என் பெயரை யாரும் சரியாகச் சொன்னதில்லை. அலெக்ஸ் என்கிறார்கள். சாவதற்கு முன் ஒரு தடவையாவது அப்பாவின் பெயரால் என்னை யாராவது அழைக்க வேண்டும். இதைப் பேராசை என்பீர்களா?

தங்கள் தம்பி,
அலேசியோ


சவாயி,
மார்ச் 8

அன்புத் தம்பிக்கு,

பேராசை என்று சொல்லமாட்டேன். கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். முன்னாலிருந்த பத்திகளில் தவறு இருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் என் கட்டைவிரல். லூசியா போன் செய்வதற்குச் சில நாள் முன்பு திரேசா எனக்கு ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்து, பிடித்திருந்தால் இங்கே அழுத்துங்கள் அத்தை என்று காட்டினாள். உன் படம் வந்தது. சட்டை கசங்காமல் தேய்த்திருந்தது, தொப்பை கொஞ்சம் குறைந்திருந்தது, முகம் அப்பா மாதிரியே இருந்தது. பிடித்தது. அழுத்தினேன். கீழே இருந்த எழுத்துக்கு நான் கண்ணாடி போடவில்லை. போட்டுப் படித்திருந்தாலும் படத்துக்காக அழுத்தித்தான் இருப்பேன். என் தம்பியைப் பிடிக்கும் என்பதும், என் தம்பி பட்டம் எடுக்கட்டும் என்பதும் ஒரே பேச்சா? அந்தப் பொத்தானுக்கு அது ஒரே பேச்சு. எனக்கு இல்லை.

பள்ளியில் சிஸ்டர் பெர்னதெத் எங்களை "ஆமாம்" என்று மட்டும் பதில் சொல்ல விடமாட்டார். எதற்கு ஆமாம், முழு வாக்கியமாகச் சொல் என்பார். அப்போது அவரை நாங்கள் திட்டாத நாள் கிடையாது. முழு வாக்கியமாகச் சொல்லத் தொடங்கினால் பாதி வழியிலேயே நமக்குத் தெரிந்துவிடும், நாம் அப்படி நினைக்கவில்லை என்று.

அடுத்து லஃபாயேலே. அவனைக் கூப்பிட்டு, ஏன் அழுத்தினாய் என்றேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை.

"சித்தப்பா போட்டோ போட்டா அழுத்தாம இருக்க முடியுமா அத்தை? நான் அழுத்தலைன்னு ஊரெல்லாம் தெரிஞ்சுடுமே."

"பட்டத்தப் பத்தி என்ன நெனைக்கிற?"

"அத யாரும் என்கிட்ட கேக்கலையே."

இதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு சொல் பிடுங்க முடியவில்லை. அண்ணன் படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் அவரைத் தூக்கி உட்காரவைத்தவன், ஊருக்கு நம் வீட்டுப் பங்குச் சாப்பாட்டைச் சுமந்தவன், இன்றும் திங்கள்தோறும் ஊர்ச் சபைக்குப் போய்ப் பெரியவர்களுக்கு ஆவா வேர்ப்பானம் கலக்கிக் கொடுத்துவிட்டு வெளியே உட்காருகிறவன். உள்ளே நம் வீட்டுப் பட்டத்துக்கென உள்ள தூண், அண்ணன் சாய்ந்த தூண், காலியாக இருக்கிறது. நம் ஈரப்பலாத் தோப்பு வழியாகச் சாலை போடலாமா என்று சபையில் பேச்சு நடக்கிறது. நம் வீட்டுக்காக வாய் திறக்க அங்கே பட்டம் உள்ள ஆள் இல்லை. நீ லோகனிலிருந்து கட்டைவிரல் காட்டுவாயா?

எதிராக ஒருவரும் எழுதவில்லை என்கிறாய். எழுத அங்கே இடம் இருக்கிறது, துணிவுக்குத்தான் இடம் இல்லை. எல்லாரும் கைதட்டும்போது ஒருவன் மட்டும் எழுந்து நின்று பேசுவானா? நம் கூட்டவீட்டில் அப்படி இல்லை. சுற்றி வரும், அவரவர் முறை வரும், வாயைத் திறந்தே ஆக வேண்டும். பிடிக்காததைப் பணிவாகச் சொல்லவும் நம் பெரியவர்கள் வழி வைத்திருக்கிறார்கள்.

திரேசாவிடம் ஒருநாள் கேட்டேன், ஆப்பியா அலுவலகத்தில் உன்னைப் பாடாய்ப் படுத்துகிற அந்த மேலாளரைப் பற்றி ஏன் நீ குடும்பப் பக்கத்தில் எழுதுவதில்லை என்று. "அதுக்கெல்லாம் லைக் விழாது அத்தை" என்றாள். இப்போது வீட்டிலும் சொல்வதில்லை. லைக் விழாததை நினைக்கவே கூடாது என்று பழகிக்கொண்டிருக்கிறாள். நீயும் அப்படித்தான். முன்பு போன் செய்தால், சாலை என்ன ஆச்சு, பாதிரியார் யாரோடு சண்டை என்று கேட்பாய். இப்போது எந்தப் படத்துக்கு எவ்வளவு விழுந்தது என்று எனக்கு வாசித்துக் காட்டுகிறாய்.

ஆகவே நேரே வா. அண்ணனின் ஆண்டுப் பூசைக்கு எப்படியும் வருவாய். அடுத்த நாள் கூடுவோம். வர முடியாதவர்கள் போனில் பேசட்டும், ஆனால் வாயால் பேசட்டும். குடும்பம் முழு வாக்கியத்தில் உன் பெயரைச் சொன்னால் பாய்களை நானே விரிப்பேன். இதில்லாமல் ஜூலையில் நீ வந்து உட்கார்ந்தால், வீட்டின் மூத்த பெண் என்ற முறையில் நான் ஊர் முன்னால் எழுந்து, எனக்குச் சம்மதமில்லை என்று சொல்வேன். நான் சொல்லிவிட்டால் விழா அங்கேயே நின்றுவிடும் என்று உனக்குத் தெரியும்.

அன்பில் குறையாத,
மகலிதா


லோகன்,
மார்ச் 22

அக்காவுக்கு,

வருகிறேன். ஊர் முன்னால் எழுந்து நிற்பேன் என்று என் கூடப்பிறந்தவளே எழுதிய பிறகு வராமல் இருக்க முடியாது.

சின்ன வயதிலிருந்தே உங்களுக்கு அண்ணன்தான் உசத்தி. இப்போது அண்ணனின் மகன். நான் கூடத்தில் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். முழு வாக்கியம், அரை வாக்கியம், எப்படிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

லூசியா உங்களுக்குப் பிடித்த பிஸ்கட் டின் கொடுத்துவிடுகிறாள்.

அலேசியோ


சவாயி,
மே 5

அன்புத் தம்பிக்கு,

நீ சொல்லிக்கொள்ளாமல் படகேறிப் போய்ச் சேர்ந்தாய் என்று லூசியா போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பிஸ்கட்டுக்கு நன்றி.

லஃபாயேலே உன்னைக் குடும்பக் கூட்டத்தின் நடுவில் அவமானப்படுத்தினான், அது நான் சொல்லிக் கொடுத்த பாடம் என்று லூசியா சொன்னாள். நீ அவளிடம் அப்படிச் சொன்னாயா, அவளாக அப்படிப் புரிந்துகொண்டாளா, தெரியாது. எனவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்து.

முதல் சுற்றில் எல்லாரும் முழு வாக்கியத்தில்தான் பேசினார்கள். உன் கைராசி, உன் உழைப்பு, கோயில் கூரைக்கு நீ தந்தது. உன் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. பொத்தானை விட்டுவிட்டு வாயால் அழுத்திக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் நான் குறுக்கிட்டேன். அலேசியோ பட்டம் எடுத்தால் வரக்கூடிய சிரமம் ஒன்றையாவது ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்றேன். அவ்வளவுதான் என் பங்கு. அப்படிக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

திரேசா, தரையைப் பார்த்துக்கொண்டே, "சித்தப்பா, நான் பஸ்ல போயிட்டிருந்தேன். என்ன எழுதியிருக்குன்னு படிக்கவே இல்ல, அழுத்திட்டேன்" என்றாள். ஆக்லாந்திலிருந்து போனில் இருந்தவன், நானும் அப்படித்தான் என்றான். சிரிப்பு எழுந்தது. நீயும் சிரித்தாய், அதை நான் பார்த்தேன். அந்த இடத்தில் நீ பெரிய மனிதனாக இருந்தாய்.

லஃபாயேலேயைக் கேட்டது நான் இல்லை. நீ. வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தவனை நீதான் முன்னால் கூப்பிட்டாய்.

"டேய், முதல்ல அழுத்துனவன் நீதான. இவங்களுக்குச் சொல்லு."

"உங்கள எனக்குப் பிடிக்கும் சித்தப்பா. அதுக்குத்தான் அழுத்துனேன்."

"பட்டத்துக்கு?"

அவன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "நீங்க வேண்டாம் சித்தப்பா. இங்க இருக்குற ஆள் வேணும். சாலை தோப்புக்குள்ள வரப்போகுது, அன்னைக்கு நீங்க இருக்கமாட்டீங்க."

தனக்கு வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. உன்னை ஒரு சொல் தாழ்த்தவில்லை. நீ எழுந்து போனாய்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அவன் சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். சித்தப்பா முகத்தில் அடித்துவிட்டேன், இனிமேல் என்னைத் தூணுக்கு அருகிலும் கூப்பிடாதீர்கள், தலை குனிந்து சொல்கிறேன், எனக்குப் பட்டம் வேண்டாம் என்றான். குடும்பம் கலைந்தது. இப்போது உனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. போன திங்கள் சாலைக்குக் கோடு கிழித்துவிட்டார்கள். கடைசி முடிவு ஆகஸ்டில்.

அன்று நீ ஒருவன் மட்டும் உண்மையான பதிலைக் கேட்டாய். மற்ற எல்லாரும், நான் உட்பட, அவனை நேரே கேட்காமல் சுற்றி வந்துகொண்டிருந்தோம். கேட்டது நீ, பதில் சொன்னது அவன். நம் வீட்டில் இந்த ஆண்டு நடந்த ஒரே பேச்சு அதுதான். அது உனக்கு வலித்தது என்பதற்காக அதை அவமானம் என்று பெயர் மாற்றாதே.

அவன் உனக்கு முன்னால் வாய் திறக்கமாட்டான். முதல் சொல் உன்னிடமிருந்து வர வேண்டும்.

மாத்திரை டப்பாவை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். வேறு வாங்கினாயா?

மகலிதா


லோகன்,
ஜூன் 2

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

மாத்திரை வாங்கிவிட்டேன். லூசியாவிடம் நான்தான் அப்படிச் சொன்னேன். அவள்மேல் தவறில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். குடும்பப் பக்கத்தைத் திறந்து, "நான் பட்டத்துக்குத் தகுதியானவன் இல்லை, விலகிக்கொள்கிறேன்" என்று எழுதிப் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், யாராவது வேண்டாம் என்று தடுப்பார்கள் என்று நினைத்துத்தான் போட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபடி இருந்தேன்.

அக்கா, கட்டைவிரல் மழை. நான் பட்டம் கேட்டபோது விழுந்ததைவிட அதிகம், அதைவிட வேகம். அதே பெயர்கள். பட்டம் எடுங்கள் என்று அழுத்திய அதே ஆட்கள், எடுக்கவேண்டாம் என்றதற்கும் அழுத்தினார்கள். சிட்னிக்காரன் இதயம் வேறு போட்டிருந்தான். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லூசியா பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். நாளைக்கு நான் செத்துவிட்டேன் என்று போட்டாலும் அழுத்துவாங்கடி என்றேன். "வாயக் கழுவுங்க" என்றாள்.

இரண்டு பேர் மட்டும் அழுத்தவில்லை. ஒன்று நீங்கள். இன்னொன்று அவன்.

மறுநாள் வேலையிலிருந்து அவனைக் கூப்பிட்டேன். நீங்கள் சொன்னது சரி, வாய் திறக்கவில்லை. போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பின்னால் உங்கள் சேவல் கூவிக்கொண்டிருந்தது, ஆகவே அறுந்துபோகவில்லை என்று தெரிந்தது. சாலையைப் பற்றிக் கேட்டேன். அது மட்டும் வந்தது. எந்த மரம், யாருடைய எல்லை, தோப்பைச் சுற்றி வளைத்தால் எவ்வளவு தூரம் கூடும், சபையில் யார் நம் பக்கம், யார் எதிர்ப்பக்கம் என்று விலாவாரியாகச் சொன்னான். எனக்குப் பாதிக்கு மேல் தெரியாது. தோப்பில் எத்தனை எல்லைக்கல் என்றுகூட எனக்குத் தெரியாது. இதைத் தெரியாமலா அங்கே போய்த் தூணில் சாயப் பார்த்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"நீ எடு. இத நான் உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்" என்றேன்.

"நீங்க கோவத்துல சொல்றீங்க சித்தப்பா."

"கோவம் இருக்குடா. அது எனக்குக் கொஞ்ச நாள் இருக்கும். நீ எடு."

அவன் அழுதான் என்று நினைக்கிறேன். நான் அழவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அப்பாவின் பெயரால் என்னை யாரும் அழைக்கப்போவதில்லை. இது இன்னும் வலிக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்க ஊரில் ஒரு ஆள் இருப்பான்.

ஜூலை டிக்கெட் அப்படியே இருக்கிறது. விழாவை அவனுக்கு நடத்துங்கள். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னால் நான்தான் கொண்டுபோய் வைப்பேன். பட்டமில்லாதவன் பட்டக்காரனுக்குச் செய்கிற வேலை அது, அறுபத்துமூன்று வயதானாலும் நான் அதைச் செய்வேன். இதில் யாரும் தலையிட வேண்டாம்.

தங்கள் தம்பி,
அலேசியோ


சவாயி,
ஜூன் 14

அன்புத் தம்பி அலேசியோவுக்கு,

உன் கடிதம் வந்தது. நன்றாக எழுதியிருக்கிறாய் என்று சொல்லி முடித்துக்கொள்ளமாட்டேன், பதில் எழுதுகிறேன்.

நீ இரவல் வாங்காமல் உன் சொந்த மனதிலிருந்து எடுத்த முடிவு இது. அதனால் எனக்குப் பெருமை. உன் வலி போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. அது நீ விட்டுக்கொடுத்ததன் அளவு, இருக்கட்டும். போன வாரம் குடும்பம் மறுபடி கூடியது. லஃபாயேலேயின் பெயரை எல்லாரும் வாயால் சொன்னார்கள். இரண்டு பேர் மறுத்தும் பேசினார்கள். அவனுக்குப் பேச்சு வராது, சபையில் திணறுவான் என்றார்கள். அவன் ஒப்புக்கொண்டு, கற்றுக்கொள்கிறேன் என்றான். எனக்கு அதற்கப்புறம்தான் நிம்மதி.

நுண்பாய்களை இன்று வெயிலில் போட்டேன்.

தட்டு விஷயத்தில் நான் உன்னோடு ஒத்துப்போகவில்லை. சித்தப்பா கையால் தட்டு வாங்கினால் ஒரு கவளம் இறங்காது என்கிறான் அவன். நீ அவன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது அவன் கட்சி. திரேசா உன் கட்சி. பட்டம் இல்லாத ஆள் பக்கத்தில் உட்காருவது முறையில்லை, முதல் தட்டை மட்டும் நீ வைத்துவிட்டு என்னோடு வந்து உட்கார் என்பது என் கட்சி. மூன்று நாளாக வீட்டில் இதே வாக்குவாதம். ஒருவரும் இறங்கிவரவில்லை. திரேசா என்னைப் பிடிவாதக்காரி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

ஒரு வாரம் முன்னதாகவே வந்து சேர். உன் வாதத்தை உன் வாயாலேயே சொல்.

உன் அக்கா,
மகலிதா